கொள்ளிவாய்ப் பிசாசு மொட்டை மாடி ஏறிய கதை

ராத்திரியில் சதுப்புப் பக்கம் தனியாகப் போகக் கூடாது என்று நம் ஊர்களில் சொல்லி வைத்திருந்தார்கள். நீர் தேங்கி இலைதழை அழுகும் இடங்களில் தரையை ஒட்டி மங்கலாக ஒரு வெளிச்சம் தோன்றும். கிட்டே போனால் மறையும். வழி தவறியவனைச் சேற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்குக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர். ஐரோப்பாவிலும் இதே பிசாசு வேறு வேறு பெயர்களில் உலாவிக்கொண்டிருந்தது. கடைசியில் அதைப் பிடித்துப் போத்தலில் அடைத்தவர் மந்திரவாதியல்ல, வட இத்தாலியின் கோமோ ஊர்ப் பள்ளியில் இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த 31 வயது வாத்தியார்.

அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டாவுக்குப் பாதிரியார் ஒருவர் நண்பராக இருந்தார். பெயர் கார்லோ கம்ப்பி. ஓர் ஊற்றிலிருந்து தீப்பற்றும் காற்று கிளம்புவதைத் தாம் பார்த்ததாக அவர் சொல்லியிருந்தார். அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும், நியூஜெர்சியில் சேற்று நீரின் மேல் நெருப்பைக் காட்டினால் பற்றிக்கொள்ளும் விந்தையை ஏற்கெனவே எழுதியிருந்தார். வோல்ட்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1776 நவம்பரில் மஜ்ஜோரே ஏரியில், அஞ்செரா ஊருக்கு அருகே நாணல் மண்டிய கரையோரமாகப் படகை விட்டார். கழியால் அடிச்சேற்றைக் கிளறினார். குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பின. நீர் நிரப்பிய பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்து அவற்றைச் சேகரித்தார். நெருப்பைக் காட்டியதும் நீலமாக எரிந்தது. பிசாசு கைக்குள் வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

வோல்ட்டா செய்தது துப்பாக்கி. சிறு குடுவையில் அந்தக் காற்றையும் சாதாரணக் காற்றையும் கலந்து அடைத்து, மின்பொறி ஒன்றை உள்ளே பாய்ச்சினால் டமார் என்று வெடித்து அடைப்பான் பறக்கும். அதோடு விட்டாரா? கோமோவிலிருந்து மிலான் வரைக்கும் கம்பங்கள் நட்டுக் கம்பி இழுத்து, இங்கே பொறியைக் கிளப்பினால் அங்கே துப்பாக்கி வெடிக்கும்படி செய்யலாம் என்று 1777இல் எழுதினார். தந்தி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தபோதே தந்தியின் கனவு! கனவு காகிதத்தோடு நின்றது. வோல்ட்டாவின் கவனம் மின்சாரத்தின் பக்கம் போய், 1800இல் மின்கலத்தில் முடிந்தது. உலகம் அவரை மின்கலத்துக்காக நினைவில் வைத்துக்கொண்டு, ஏரிச் சேற்றை மறந்தது. அந்த வாயுவோ மறக்க விடவில்லை.

1808இல் இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி, மாட்டுச் சாணமும் வைக்கோலும் கலந்த எருவைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து, அதிலிருந்து வரும் காற்றைச் சோதித்தார். அவருடைய கவலையெல்லாம் எருவின் சத்து வீணாகிறதா என்பதுதான். வந்த காற்றில், வோல்ட்டா ஏரியில் பிடித்த அதே மீத்தேன் இருந்தது. அதை எரித்துச் சோறு பொங்கலாம் என்று டேவிக்குத் தோன்றவில்லை; குறித்து வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். நான்கே வருடங்களில், 1812 மே 25 அன்று, ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் அதே வாயு தீப்பிடித்து 92 பேரைப் பலிகொண்டது. அடுத்த நான்கு வருடங்களுக்குள் டேவி, சுரங்கத்து வாயுவைப் பற்றவைக்காத வலைக்கூண்டு விளக்கைச் செய்து புகழ்பெற்றார். விளக்கில் பற்றி வெடிக்கும் எமனாகவே மீத்தேனை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த எமனையே விளக்கேற்றச் சொல்லலாம் என்று ஒருவருக்குத் தோன்ற இன்னும் எழுபது வருடம் ஆனது.

அவர் லூயி பாஸ்ச்சரின் மாணவர் உலிஸ் கயோன். குதிரைச் சாணத்தை 35 டிகிரி வெதுவெதுப்பில் வைத்தால் வாயு தாராளமாக வருவதை அவர் கண்டார். 1884இல் பாஸ்ச்சர் அதைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் எடுத்துவைத்தார். வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் இந்த வாயு உதவலாம் என்ற பேச்சு எழுந்தது. பாரிஸ் தெருக்களில் அப்போது குதிரைகளுக்குப் பஞ்சமில்லை, சாணத்துக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் பாரிஸ் விளக்குகளைக் குதிரைகள் ஏற்றவில்லை. அந்த விளக்கு முதலில் எரிந்த இடங்களுள் ஒன்று, யாரும் எதிர்பார்க்காத ஓரிடம். பம்பாயில், மாட்டுங்காவில் ஒரு தொழுநோயாளர் விடுதி.

நகராட்சி ஆணையர் ஆக்வொர்த்தின் முயற்சியால் 1890இல் உருவானது அந்த விடுதி. (உலகின் முதல் சாண எரிவாயுக் கலன் 1859இல் இதே மாட்டுங்கா விடுதியில் அமைந்தது என்று எத்தனையோ நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவிட்டன. பிறக்காத விடுதியில் எங்கிருந்து கலன்?) தெருவில் விரட்டப்பட்ட நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே வளாகத்தில் தங்கியதும் கழிவுநீரை எங்கே விடுவது என்ற சிக்கல் வந்தது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரூன் என்ற நகரப் பொறியாளர் 1895இல் மூடிய கழிவுத் தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் சேர்ந்த வாயுவில் அக்கம்பக்கத்து விளக்குகளையும் எரித்துக் காட்டியிருந்தார். பம்பாயின் வடிகால் பொறியாளர் சி. சி. ஜேம்ஸ் அதே வழியில் மாட்டுங்கா விடுதிக்குத் தொட்டி அமைத்தார். 1897இல் அங்கே வாயுவைச் சேகரிக்க ஏற்பாடாயிற்று. விளக்கு எரிந்தது, பின்னர் எஞ்சினே ஓடியது. ஊர் ஒதுக்கிவைத்த மனிதர்களின் கழிவு ஊருக்கு முன்மாதிரியாக நின்றது. ஊர்தான் பின்பற்றவில்லை. பிறகு நாற்பது ஆண்டுகள் இந்தப் பக்கத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை, பூமியே ஒருமுறை குலுங்கியதைத் தவிர.

1934 ஜனவரியில் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்தில், பூசா என்ற ஊரிலிருந்த அரசாங்க வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கட்டடம் இடிந்தது. 1936இல் நிறுவனம் தில்லிக்கு இடம்பெயர்ந்தது. அங்கே எஸ். வி. தேசாய் என்ற விஞ்ஞானி ஒரு பழைய வேதனையைக் கையில் எடுத்தார். இந்திய உழவன் சாணத்தை வரட்டி தட்டி எரித்துவிடுகிறான். வயலுக்கு எரு இல்லாமல் போகிறது. எரிக்காதே என்றால் அடுப்புக்கு வழி என்ன? சாணத்தை மூடிய தொட்டியில் கரைத்து வைத்தால் வாயு அடுப்புக்கு, மிஞ்சும் குழம்பு வயலுக்கு. 1930களின் இறுதியில் தொடங்கிய அந்தச் சோதனைகள் ஒன்றே இரண்டாகும் வித்தையைக் காட்டின. சிக்கல் எங்கே என்றால், ஆய்வகத்தில் ஆடிய கலன் கிராமத்துக்குப் போனால் நொண்டியது. அதை நடக்கவைக்க வேறொருவர் வரவேண்டியிருந்தது.

வந்தவர் ஜஷ்பாய் படேல். 1950களில் அவர் கொடுத்த வடிவத்துக்குக் கிராமலட்சுமி என்று பெயர் வைத்தார். தரையில் கிணறு, கிணற்றில் சாணக் கரைசல், அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும். அடுப்பைத் திறந்தால் மெல்ல இறங்கும். டிரம்மே மூடி, டிரம்மே கிடங்கு, டிரம்மின் கனமே குழாயில் வாயுவைத் தள்ளும் அழுத்தம். எளிமையென்றால் இதுதான் எளிமை. எத்தனை வாயு இருக்கிறது என்பதைக் காட்ட ஒரு மானிகூட வேண்டாம், டிரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று எட்டிப் பார்த்தால் போதும். 1960களின் தொடக்கத்தில் கதர் கிராமத் தொழில் ஆணையம் இதை எடுத்துக்கொண்டது. கோபர் காஸ் என்ற பெயர் தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரை வந்து, ‘சாண எரிவாயு’ என்று பாடப்புத்தகங்களிலும் ஏறியது. கல்யாணம், காதுகுத்துக்கு வரும் உறவினர்களுக்குச் சுற்றிக்காட்டும் பொருளாகப் பல பண்ணை வீடுகளில் அந்த டிரம் நின்றது.

நகரம் வேறு பாதையில் போனது. 1965இல் கொல்கத்தாவில் இண்டேன் சிலிண்டர் வந்தது. பட்டணத்துக்குச் சிலிண்டர், பட்டிக்காட்டுக்குச் சாணம் என்று அடுப்பே இரண்டாகப் பிரிந்தது. சாண வாயு என்றால் மாடு வேண்டும், நிலம் வேண்டும், கிணறு தோண்ட இடம் வேண்டும். மூன்றாம் மாடிக் குடித்தனத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 1973இல் எண்ணெய் விலை எகிறியபோதும், 1980களின் தொடக்கத்தில் அரசு தேசியத் திட்டமே போட்டு மானியம் கொடுத்தபோதும் இந்தப் பிரிவினை மாறவில்லை. இரும்பு டிரம் துருப்பிடித்தது. மாற்றாகச் செங்கல் கும்மட்டம் வந்தது. 1984இல் தீனபந்து என்ற மலிவான மாதிரியும் வந்தது. எல்லாம் சாணத்தை வைத்தே. அந்தச் சாணமே காலை வாரிவிடும் என்று காட்டிய ஊர் கர்நாடகத்தில் இருந்தது.

தும்கூர் மாவட்டத்துப் பூரா என்ற சிற்றூரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஏ. கே. என். ரெட்டியும் அவருடைய குழுவினரும் ஊருக்கே பொதுவான சாண எரிவாயுக் கலன் கட்டினார்கள். எல்லா வீட்டு அடுப்பும் எரியவேண்டும் என்பது கணக்கு. சிறு குடும்பக் கலன் ஒன்றுக்கே, நாளுக்கு இரண்டு கன மீட்டர் வாயு வேண்டுமானால், சுமார் 50 கிலோ சாணம் போட வேண்டும். நாலைந்து மாடாவது வேண்டும். பூராவின் மாடுகள் போட்ட சாணம் ஊர் அடுப்புகளுக்குப் போதவில்லை. திட்டம் படுத்தது. ரெட்டி அதோடு விடவில்லை. ஊர்ப் பெண்கள் தண்ணீருக்குத்தான் அல்லாடுகிறார்கள் என்று கண்டு, அதே வாயுவில் எஞ்சின் ஓட்டி, ஆழ்குழாய்த் தண்ணீரையும் வீடுகளுக்கு விளக்கையும் கொடுத்தார். தோற்ற கலன் வேறு வேலை பார்த்து ஜெயித்தது. ஆனாலும் அடுப்புக் கேள்வி அப்படியே கிடந்தது: மாடில்லாதவன் என்ன செய்வான்?

இடையில், யாரும் இதோடு முடிச்சுப் போடாத இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஒன்று 1975இல் குஜராத்தின் கலோல் ஊரில். அங்கிருந்த துணி ஆலை ஒன்று பிளாஸ்டிக் வார்ப்பில் இறங்கியது. அந்த வழியில் பிறந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, இந்தியாவின் மொட்டை மாடிகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. சின்டெக்ஸ் என்ற பெயர், எந்த நிறுவனம் செய்த தொட்டிக்கும் பொதுப் பெயராயிற்று. இரண்டாவது, 1977இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில். மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களின் மரபுப் பொருளை ஆராய்ந்த கார்ல் வோஸ், அவை பாக்டீரியாவே அல்ல, உயிர்க்குலத்தில் தனிக் கிளை என்று அறிவித்தார். காற்றுப் பட்டால் சாகும், இருட்டில் வாழும், சேற்றடியிலும் மாட்டு வயிற்றிலும் குடியிருக்கும் ஆதி உயிர்கள். வோல்ட்டா கழியால் கிளறியது இவற்றின் குடியிருப்பைத்தான். தொட்டியும் நுண்ணுயிரும் சந்திக்க இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. சந்திக்கவைத்தவர் ஒரு தாவரவியலாளர்.

புணேயில் கர்வே குடும்பம் என்றால் தெரியாதவர் இல்லை. தாத்தா தோண்டோ கேசவ் கர்வே, விதவைகளின் கல்விக்காக ஆயுளையே செலவிட்டு, நூறு வயதில் பாரத ரத்னா வாங்கியவர். அம்மா இராவதி கர்வே, மகாபாரத மாந்தரைப் புதிய கண்ணால் பார்த்த மானிடவியலாளர். பேரன் ஆனந்த் கர்வே செடிகொடிகளைப் படித்தவர். ஊரகத் தொழில்நுட்பத்துக்கென்று புணேயில் ஆர்ட்டி என்ற நிறுவனத்தைத் தொடங்கி, கரும்புச் சோகையிலிருந்து கரி செய்யும் முறைக்காக 2002இல் லண்டனின் ஆஷ்டன் விருதை வாங்கிக் கொடுத்தவர். புகையில்லா அடுப்பு, கரி என்று அலைந்துகொண்டிருந்தவர் சாண எரிவாயுப் பக்கம் திரும்பியபோது, அந்தத் துறையில் பயிற்சி பெறாததே அவருக்கு வசதியாகப் போயிற்று. துறைக்காரர்கள் கேட்க வெட்கப்படும் கேள்வியை அவர் கேட்டார்: சாணம் எதற்கு?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் கதையின் முடிச்சு அவிழ்வது இங்கேதான். மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்கள் மாட்டின் வயிற்றில் வாழ்கின்றன. மாடு எதைத் தின்கிறதோ அதில் பங்கு வாங்கித் தின்கின்றன. மாவுச்சத்து, சர்க்கரை, புரதம் எல்லாவற்றையும் மாடும் அவையும் சேர்ந்து உறிஞ்சிக்கொண்ட பிறகு, செரிக்க முடியாமல் கழிவது சாணம். அந்தச் சக்கையைத் தொட்டியில் போட்டு, ‘இன்னும் வாயு கொடு’ என்று நூறு வருடமாக உலகம் கேட்டுக்கொண்டிருந்தது. மாடு தின்றதன் மிச்சத்தைக் கொடுப்பதற்குப் பதில், மாடு தின்பதையே கொடுத்தால்? இப்படிக் கேட்டதும், வோல்ட்டா காலத்திலிருந்து எல்லோரும் சேற்றையும் சாணத்தையும் சாக்கடையையுமே கிளறிக்கொண்டிருந்தது விசித்திரமாகப் படுகிறது. பந்தியில் சாப்பாடு இருக்க, எல்லோரும் கொல்லைப்புறத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கர்வே சோதித்துப் பார்த்தார். சாணக் கரைசல் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை, நுண்ணுயிரைக் குடியேற்றுவதற்காக மட்டும். அதன்பிறகு தீனி: மாவு மில்லில் சிந்திய மாவு, அழுகிய பழம், பிண்ணாக்கு, வாழைக் கிழங்கு, மிஞ்சிய சோறு. முடிவை நம்புவது எளிதாக இல்லை. இரண்டு கிலோ மாவுச்சத்துப் பொருளிலிருந்து, 40 கிலோ சாணத்திலிருந்து கிடைக்கும் அளவுக்கு வாயு கிடைத்தது. சாணம் 40 நாள் ஊறிக் கொடுப்பதை இது ஏறத்தாழ ஒரே நாளில் கொடுத்தது. ஒப்பீட்டில் ஒரு சின்னக் கண்கட்டு உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சாணத்தில் பெரும்பகுதி தண்ணீர், மாவு உலர்ந்தது. கிலோவுக்குக் கிலோ நிறுத்துவது சாணத்துக்கு அநியாயம். பூசணித் தோலையும் முட்டைக்கோஸ் இலையையும் போட்டால் கணக்கு இத்தனை பளபளப்பாக இருக்காது. ஆனாலும் வித்தியாசம் பத்து இருபது சதவீத விவகாரமில்லை. தீனி இருபதில் ஒரு பங்கு, காலம் நாற்பதில் ஒரு பங்கு என்றால் கிணறு எதற்கு? தொட்டி எவ்வளவு சுருங்கும்?

கடைத்தெருவில் கிடைக்கும் அளவுக்குச் சுருங்கியது! 2003 வாக்கில் கர்வே குழு செய்தது இதுதான். 1000 லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் தலையைச் சீவினார்கள். 750 லிட்டர் தொட்டி ஒன்றையும் அதேபோல் வெட்டிக் கவிழ்த்து அதற்குள் இறக்கினார்கள். வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் பிளாஸ்டிக்கை இளக்கிக் குழாய்களைப் பொருத்தினார்கள். ஒரு பக்கம் தீனி போடும் வாய், மறுபக்கம் கரைசல் வழியும் குழாய், உச்சியில் அடுப்புக்குப் போகும் வாயுக் குழாய். அழுத்தம் போதவில்லையென்றால் கவிழ்த்த தொட்டியின் தலைமேல் இரண்டு செங்கல். ஜஷ்பாய் படேலின் டிரம்தான். இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக், கிணற்றுக்குப் பதில் இன்னொரு தொட்டி. கொஞ்சம் இடம் இருந்தால் வீட்டோரத்திலோ மாடியிலோ நிற்கும். மாடில்லாத, நிலமில்லாத, கிணறு தோண்ட முடியாத பட்டணத்துக் குடித்தனத்துக்கும் சொந்த எரிவாயு. 2006இல் ஆர்ட்டிக்கு ஆஷ்டன் விருது இரண்டாவது தடவையாகக் கிடைத்தது.

இதைப் பெற்ற தாய் புணே ஒன்றுதான் என்று எழுதிவிட முடியாது. தெற்கே இன்னொரு பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது. திருவனந்தபுரத்தில் 1994இல் தொடங்கிய பயோடெக் என்ற நிறுவனம், வீட்டுச் சமையல் கழிவுக்கும் மீன் சந்தைக் கழிவுக்கும் கலன் அமைத்துக்கொண்டிருந்தது. 2007இல் அதற்கும் ஆஷ்டன் விருது கிடைத்தபோது, கேரளத்தில் அது அமைத்த வீட்டுக் கலன்கள் 12,000ஐத் தொட்டிருந்தன. ஆனால் கலன் வீட்டுக்காரரின் விருப்பமாக இருந்ததை நகரத்தின் அவசரமாக மாற்றியது விருதல்ல, ஒரு பூட்டு.

திருவனந்தபுரத்தின் குப்பையெல்லாம் விளப்பில்சாலை என்ற பக்கத்துக் கிராமத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நாற்றமும் கழிவுநீரும் பொறுக்கமுடியாமல் கிராமத்து மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 2011 டிசம்பரில் அங்கிருந்த குப்பை ஆலை பூட்டப்பட்டது. திறக்க எடுத்த முயற்சிகளை ஊரே திரண்டு சாலையில் மறித்தது. மாநிலத் தலைநகரத்துக்கு ஒரே நாளில் குப்பை கொட்ட இடமில்லை! தெருமுனைகளில் பைகள் குவிந்தன. வேறு வழியில்லாமல் மாநகராட்சி, வீட்டுக் குப்பையை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள் என்று மானியம் கொடுத்து உரக் குழாய்களையும் எரிவாயுக் கலன்களையும் பரப்பத் தொடங்கியது. மாட்டுங்காவில் நடந்ததைத்தான் இங்கும் காண்கிறோம்: கழிவை வெளியே தள்ள வழியில்லாதபோதுதான் அது வாயுவாகியிருக்கிறது.

இன்று புணே, பெங்களூரு, கொச்சி, கோயம்புத்தூர், சென்னை என்று ஊர் ஊராக மாடித் தோட்டக்காரர்களின் வீடுகளில், கத்தரித் தொட்டிக்கும் புதினாப் பைக்கும் நடுவே நிற்கிற அந்தப் பீப்பாய் இதுதான். குடிதண்ணீர்த் தொட்டி என்று விருந்தாளிகள் நினைப்பார்கள். ராத்திரி சாம்பார் மிச்சத்தையும் வாழைப்பழத் தோலையும் மிக்ஸியில் ஓட்டிக் கரைத்து ஊற்றினால், விடிவதற்குள் உள் தொட்டி எழும்பி நிற்கும். காலையில் காப்பிக்கும் ஒரு குழம்புக்கும் காணும். வழிந்து வரும் கரைசல் தண்ணீர் கலந்து செடிக்குப் போகும். கூடுதலாகச் செய்யவேண்டியது, அடுப்பின் வாயுத் துளையைச் சற்றுப் பெரிதாக்குவது. சிலிண்டர் வாயுவைவிட இதில் அழுத்தம் குறைவு, கரியமில வாயுவும் கலந்திருக்கும்.

வாங்கிய முதல் மாதத்தில் பலர் கைவிட்டதும் உண்டு. முதலில் கிளம்பும் வாயு எரியவே எரியாது. அதில் பெரும்பகுதி கரியமில வாயு. சாணக் கரைசலில் நுண்ணுயிர் பெருகும்வரை வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அடுத்த விபத்து ஆசையால் வருவது. நன்றாக எரிகிறதே என்று கல்யாண வீட்டுச் சோற்றை ஒரே நாளில் கொட்டினால், சித்திரை வெயிலில் மறந்துபோன இட்லி மாவின் கதைதான். அமிலம் ஏறி, மீத்தேன் உயிர்கள் முடங்கி, தொட்டி நாற ஆரம்பிக்கும். பட்டினி போட்டு, சாணக் கரைசல் சேர்த்து, மெல்லத் தேற்றி எடுக்கவேண்டும். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, எலும்பு, தேங்காய் நார் இவற்றுக்கு அங்கே அனுமதி கிடையாது. இரண்டு தொட்டிக்கும் இடைப்பட்ட வளையத்தைக் கவனிக்காமல் விட்டால் கொசு குடும்பம் நடத்தும். இந்தத் தொல்லைகளையெல்லாம் விற்பவர்கள் விளம்பரத்தில் சொல்வதில்லை. சிலிண்டர் செலவில் பாதியளவாவது குறையும் என்பதைத்தான் சொல்வார்கள். தினமும் சரியாகத் தீனி போட்டால் அது பொய்யுமில்லை.

தினமும் சரியாகத் தீனி என்பதில்தான் கடைசித் திருப்பம். நாலு பேர் வீட்டில் சிக்கனமாகச் சமைத்தால் தொட்டியின் வயிறு நிறையக் கழிவு சேராது. நன்றாக எரிய ஆரம்பித்த பிறகு வீட்டுக்காரருக்குப் பற்றாக்குறை வந்துவிடுகிறது. எதிர்வீட்டில் காய் நறுக்கிய தோல், முக்குக் காய்கறிக் கடையில் கழித்துப்போட்ட தக்காளி, மாவு மில் தரையில் கூட்டிய மாவு என்று வாளியோடு கிளம்பவேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குப்பை விழுந்தால் சண்டை வந்த தெருக்களில், இப்போது எங்கள் வீட்டுக் கழிவை ஏன் அவருக்கு மட்டும் கொடுக்கவேண்டும் என்று கேட்கும் இரண்டாவது தொட்டிக்காரர் முளைத்துவிட்டார்.